படத்தின் ஓரத்தில் நிற்பவர்

சென்ற மாதம் எமது கல்லூரி மண்டபத்தில் மூன்று நாள்கள் ஒரு சிறு நிழற்படக் காட்சி நடைபெற்றது. எம்மிடம் முன்னர் பயின்று பிறநாட்டிற் குடியேறிய மாணவர் ஒருவர், அங்குள்ள நூலகங்களிலும் நூதனசாலைகளிலும் பேணப்பட்டுவரும் பழைய இலங்கைப் படங்கள் சிலவற்றின் பிரதிகளை அனுப்பியிருந்தார். அவற்றை அட்டையில் ஒட்டி, சுவரோரம் வாங்குகளை அடுக்கி, அவற்றின்மேல் நிறுத்தினோம். இலக்கணமும் நிகண்டும் படிக்கும் இடத்தில் இத்தகைய காட்சிக்கு யார் வரப்போகின்றனர் என்று எண்ணியிருந்த எனக்கு, அயற் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றது வியப்பையே தந்தது.

எல்லோரும் முதலில் நாடிச் சென்றது ஆனைப் படத்தையே. மரத்தோடு பின்னங்கால் பிணிக்கப்பட்ட காட்டானை ஒன்று. அதன் அருகே கையிற் கயிற்றுடன் மெலிந்த மனிதர் ஒருவர். பின்னே மேடையொன்றில் தொப்பியணிந்த துரைமாரும் குடைபிடித்த சீமாட்டிகளும். பிள்ளைகள் ஆனையின் தந்தத்தைப் பற்றியும் அதன் கண்ணைப் பற்றியும் வாதாடினர். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி மாத்திரம் என்னிடம் வந்து, “ஐயா, ஆனைக்குப் பக்கத்திலை நிக்கிறவரின்ரை பேர் என்ன?” என்று கேட்டாள். படத்தின் கீழ் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்ததை நான் படித்துப் பார்த்தேன். ஆனை பிடித்த இடம் இருந்தது. தேசாதிபதியின் பெயர் இருந்தது. ஆனையின் உயரம் அடிக்கணக்கில் இருந்தது. அம்மனிதரின் பெயர் இல்லை. “எழுதவில்லை, பிள்ளை” என்றேன். அவள் என்னை விட்டு அடுத்த படத்துக்குச் சென்று, அங்கும் அதையே கேட்டாள். அன்று அவளுக்கு நான் பதின்மூன்று முறை “எழுதவில்லை” என்று சொல்ல நேர்ந்தது.

இவ்வாரம் எழுதப் புகுந்தது அச்சிறுமியின் கேள்வியைப் பற்றியே. ஆயினும், பழைய படமொன்றைப் பார்க்குமுன் அது எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிதல் நன்று. அறியாதவிடத்துப் படம் சொல்லாததைச் சொல்லியதாகக் கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய முறை ஈரத்தகட்டு முறை எனப்படும். 1851 இல் ஆச்சர் என்னும் ஆங்கிலேயர் அதனை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, இருட்டில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கருவியில் இட்டுப் படம் பிடித்து, உலருமுன்னரே திரும்ப இருட்டுக்குட் கொண்டுசென்று உருவத்தைத் தோற்றுவித்தல் வேண்டும். ஆதலின் படம் பிடிப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரம், கண்ணாடிப் பெட்டி, மருந்துப் புட்டிகள், கழுவும் நீர் என இவையனைத்தையும் சுமக்கக் கூலியாட்கள் உடன் சென்றனர். எமது நாட்டு வெயிலில் தகடு உலர எடுக்கும் நேரம் எத்துணைச் சிறிது! கருவி திறந்திருக்கும் சில கணங்கள்வரை படத்தில் நிற்பவர் அசையலாகாது. “எங்கள் பாட்டன் பூட்டன்மார் ஏன் ஐயா சிரிக்கவே இல்லை?” என்று மாணவர் கேட்பதுண்டு. சிரிப்பை அத்தனை நேரம் தாங்கி நிற்க எவராலும் இயலாது என்பதே விடை. கழுத்தின் பின்னே இரும்புத் தாங்கி வைத்துத் தலையை நிறுத்திய காலமும் உண்டு. அக்காலப் படங்களில் வாலை ஆட்டிய நாய்க்கு வால் இல்லை. திரும்பிப் பார்த்த ஆட்டுக்கு இரண்டு தலை. அடங்கி நின்றவரே தெளிவாகப் பதிந்தனர்.

இதிலிருந்து மற்றொன்று விளங்கும். அடங்கி நில்லாத காட்டு விலங்கை அக்காலத்தார் எவ்வாறு படம் பிடித்தனர்? பிடிக்கவில்லை என்பதே உண்மை. உலர்தகடும் விரைந்து மூடித் திறக்கும் கருவியும் பரவும் வரை, காட்டு விலங்கின் படம் என்று நாம் வியந்து பார்ப்பவற்றிற் பெரும்பாலானவை செத்த விலங்கின் படம். அன்றேல் கட்டுண்ட விலங்கின் படம். அன்றேல் பஞ்சடைத்து நிறுத்திய தோலின் படம். காலடியிற் சிறுத்தை கிடக்கத் துவக்குடன் நிற்கும் துரையின் படத்தைப் பார்த்து, அக்காலத்துக் காட்டின் வளத்தைக் கண்டோம் என மகிழ்பவர், அவ்வளம் குறைந்த கணத்தையே காண்கின்றனர்.

அக்குறைவு எவ்வளவினது என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1859 இல் வெளியிட்ட தமது நூலில், 1848 இற்கு முன்னர் மூன்றாண்டுக்குக் குறைந்த காலத்துள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 ஆனைகளைக் கொன்றவர்க்கு அரசினர் சன்மானம் வழங்கினர் என எழுதியுள்ளார். தென்மாகாணத்தில் 1851 இற்கும் 1856 இற்கும் இடையில் 2,000. மேஜர் றொஜர்ஸ் என்னும் ஒரே அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட ஆனைகளைச் சுட்டவர் என அவர் காலத்தவர் கூறுவர். அவர் 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். 2011 இல் இலங்கை முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கில் எஞ்சியிருந்த ஆனைகள் 5,879. ஆனையிறவும் ஆனைக்கோட்டையும் ஆனைப்பந்தியும் ஊர்ப்பெயராக உள்ள யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆனையைக் கோயில் வீதியிலும் படத்திலுமே கண்டிருக்கின்றனர்.

கிறால் என வழங்கிய ஆனையடைப்பைப் பற்றிய படங்கள் பல கிடைக்கின்றன. ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் 1890 இல் தொடங்கிய பிளாற்றே ஆகிய படப்பிடிப்பு நிலையங்கள் இவற்றை எடுத்து விற்றன. பிளாற்றே நிலையத்தார் தபாலட்டைகளாகவும் அச்சிட்டு, கப்பலில் வந்திறங்கிய பிரயாணிகளுக்கு விற்றனர். கட்டுண்ட ஆனை ஓரளவுக்கேனும் நிற்கும் ஆதலால், உயிருள்ள காட்டு விலங்கைப் படம்பிடிக்க அக்காலத்தில் வாய்த்த இடம் கிறாலே. நூற்றுக்கணக்கான ஊரவர் பல நாள்கள் காட்டைச் சுற்றி வளைத்து, தீயும் பறையும் கொண்டு கூட்டத்தை மரவேலிக்குள் விரட்டுவர். பழக்கிய ஆனைகள் இரண்டின் இடையே நுழைந்து சென்று, காட்டானையின் பின்னங்காலில் தோற்கயிற்றுச் சுருக்கை மாட்டுபவர் ஒருவர். துரைமார் மேடையிலிருந்து பார்ப்பர். வடக்கிலும் கிழக்கிலும் இத்தொழிலிற் கைதேர்ந்தவர்கள் பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம்கள். தனியே இருவர் மூவராகக் காட்டினுட் புகுந்து, கிறாலின் துணையுமின்றி, தோற்கயிறு ஒன்றாலேயே ஆனையைப் பிடிக்கும் அவர்தம் திறத்தை டெனன்ற் வியந்து எழுதியுள்ளார். அவர் எழுதியதும் பணிக்கர் என்னும் தொழிற்பெயரையே. 1950 இல் பனாமுரையில் நடந்த கிறாலே கடைசி. அங்கே அடைபட்ட களிறு ஒன்று சுடப்பட்டமையும் அதனால் நாட்டில் எழுந்த கண்டனமும் அவ்வழக்கத்துக்கு முடிவு கட்டின. அச்செயலை எவரும் மீட்க விரும்பார். ஆனால் அத்தொழிலில் உயிரைப் பணயம் வைத்தவரின் பெயர் ஏன் இல்லாது போயிற்று?

இக்கேள்விக்கு விடைதேட மற்றொரு படத்திடம் செல்வோம். இலங்கை வரலாறு படித்த மாணவர் எவரும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவை மறந்திரார். அக்கமரனின் மனைவியார் யூலியா மார்கரெற் கமரன், இங்கிலாந்திற் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் டிக்கோயாவிலும் வாழ்ந்து, 1879 இல் இங்கேயே இறந்தார். போகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் சமாதி உள்ளது. இங்கே அவர் எடுத்தவற்றுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 1878 இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படம். முதியவர் ஒருவர், இளம் பெண் ஒருத்தி, இன்னொருவர். அப்பெண்ணுக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவள் தந்தை என்றும் தமக்கு வயது நூறு என்றும் சொல்லுகிறார் என்றும் அம்மையார் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், விடையையும் கேட்டு, அதை முற்றிலும் நம்பாதவர்போற் பதிந்திருக்கிறார். பெயரைக் கேட்டாரோ இல்லையோ, எழுதவில்லை. இதே அம்மையார் இங்கிலாந்திலே தம் வீட்டுப் பணிப்பெண்ணை மேரி மாதாவாகவும் காவியத் தலைவியாகவும் வேடமிட்டுப் பலமுறை படம் எடுத்தவர். அப்பணிப்பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்பதைக் கலைவரலாறு இன்றும் அறியும். களுத்துறைப் பெண்ணும் அம்மையாரின் கருவிமுன் அசையாது நின்றவளே.

அம்மையாரைக் குறைகூறுதல் என் கருத்தன்று. அவர் படங்களில் முகங்கள் முகங்களாகவே உள்ளன; ஏனையோர் அதனையும் செய்யவில்லை. 1870, 1871 ஆம் ஆண்டுகளில் யோசப் லோற்றன் அநுராதபுரத்திலும் பொலநறுவையிலும் எடுத்த இடிபாடுகளின் படங்கள் இன்றும் தொல்பொருளியலாளர்க்கு அருநிதி. அத்தகைய படங்களிலே தூணருகே ஒரு மனிதர் நிற்பதைக் காணலாம். தூணின் உயரத்தைக் காட்ட நிறுத்தப்பட்டவர். தபாலட்டைகளிலோ “தமிழ்ப் பெண்”, “தமிழ்க் கூலிகள்” என்ற அளவில் எழுத்து முடிந்துவிடும். மலைநாட்டிற் கொழுந்து பறித்த எத்தனையோ தாய்மாரின் முகங்கள் உலகெங்கும் முத்திரை ஒட்டிச் சென்றன. அவர்தம் பேரப்பிள்ளைகள் அம்முகத்தைக் கண்டாலும் அறியார்.

இனி எங்கள் யாழ்ப்பாணத்துத் துலாப் படத்துக்கு வருகின்றேன். காட்சியிலே முதியோர் நெடுநேரம் நின்றது இப்படத்தின் முன்னிலையில். ஆடுகால் இரண்டு, அவற்றின்மேல் நீண்ட துலா, துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே கிணற்று மிதியில் நின்று மற்றொருவர் பட்டையைச் சரித்து நீரை வாய்க்காலில் விடுகிறார். மேலே நிற்பவர் கையாற் பற்றும் கழி மங்கலாகத் தெரிகிறது. மங்கல் ஏன் என்பதை மேலே சொன்னேன், துலா அசைந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற கமக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, “இது படத்துக்கு நிண்ட இறைப்பில்லை ஐயா, உண்மை இறைப்பு. வாய்க்காலிலை தண்ணி பாருங்கோ” என்றார். பார்த்தேன். மண் நனைந்திருந்தது. இருபது ஆண்டுகள் கல்லூரியிற் பாடம் சொல்லும் எனக்கு அந்த ஈரம் தெரியவில்லை. மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தபின் துலா மிதித்தலைக் கண்ணாற் கண்டவர் குறைந்துவருகின்றனர். பட்டை எதனால் இழைக்கப்பட்டது, ஆடுகாலுக்கு எம்மரம், விடியற்கு முன் இறைத்தது எதற்கு என்பனவெல்லாம் அக்கமக்காரர் போன்றோருடன் முடிந்துவிடும். படத்தின் ஓரத்திலே கிடுகு வேலி; படலையருகில் இடுப்பிற் குழந்தையுடன் ஒரு பெண்; வேலியின்மேற் காகம். படம் எடுத்தவர் எண்ணியது துலாவை. வேலியும் பெண்ணும் காகமும் அவர் எண்ணாமலே பதிந்தன. அன்றாட வாழ்க்கை இவ்வாறு ஓரத்தில் அகப்பட்டுக்கொண்டதன்றி, எவரும் அழைத்து நிறுத்தியதன்று.

மன்னார்க் கடலின் முத்துக்குளிப்புப் படங்களும் சில வந்திருந்தன. அவற்றைப் பற்றி விரிக்க இடமில்லை. 1905 இல் மரிச்சுக்கட்டிக் கரையில் ஏறத்தாழ ஐயாயிரம் சுழியோடிகள் எட்டுக்கோடிச் சிப்பிகளை எடுத்தனர் என்பதும், மூன்றில் இரண்டு பங்கு அரசினர்க்கே என்பதும், சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டி என்பவர் உடனிருந்தார் என்பதும் நூல்களிற் காணலாம். கொட்டு எனப்பட்ட அடைப்பினுள் அழுகிய சிப்பியின் நாற்றத்தை மாத்திரம் படம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அத்தபாலட்டையை ஒருவரும் வாங்கியிரார்.

இதுவரை எழுதியதைப் படித்த அன்பர் சிலர், பண்டிதர் வெள்ளையரைக் குற்றஞ் சாட்டுகிறார் என்று எண்ணக்கூடும். காட்சியின் முதல்நாள் இரவு நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மறுநாள் என் தமக்கையார் காட்சிக்கு வந்தபின் அவ்வெண்ணம் நிலைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பழைய படம் இருந்தது. நடுவறை வாயிலின்மேல், கறையான் அரித்த சட்டத்துள் அது தொங்கியது. பாட்டனார் கதிரையில் அமர்ந்திருப்பார். கடுக்கனும் குடுமியும் சால்வையும். பாட்டியார் பக்கத்தில் நிற்பார். அவர்களுக்கு அப்பால், படத்தின் ஓரத்திலே, வன்னியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த புள்ளிமான் குட்டி ஒன்று. அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு சிறுவன். மான் தலையை அசைத்திருக்கவேண்டும், அதன் முகம் மங்கல். சிறுவனோ சிலைபோல் நின்றான். எங்கள் வளவில் மான் நின்றது என்பதற்கு அப்படத்தைத் தவிரச் சான்று வேறில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்தார் எல்லோரையும்போல நாங்களும் மழையில் வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது இருபதுகளின் நடுப்பருவம். சான்றிதழ்களையும் உறுதிகளையும் பையில் இட்டுக்கொண்டேன். படத்தைக் கழற்ற ஒரு கதிரை வேண்டியிருந்தது. நாளைக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணி விட்டுவிட்டேன். மறு ஆண்டு திரும்பியபோது வீட்டில் வாயில் இருந்தது. வாயிலின்மேல் சட்டம் தொங்கிய இடத்திலே சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. இன்று அப்படத்தை அறிந்தவர் உலகில் இருவரே. மான் இடப்புறம் நின்றது என்பார் தமக்கையார். வலப்புறம் என்பேன் நான். இருவரும் உறுதியாகவே சொல்லுகிறோம்.

காட்சியிலே ஆனைப் படத்தின்முன் நின்ற தமக்கையாரிடம், அச்சிறுமி கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “தம்பி, எங்கடை மான் பிடிச்ச பொடியன்ரை பேர் என்ன?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. பாட்டனாரின் பெயரும், பாட்டனாரின் பாட்டனார் பெயரும், மான் எந்தக் காட்டில் அகப்பட்டது என்பதும், அதற்கு இட்ட செல்லப் பெயரும் எங்களுக்கு மனப்பாடம். அச்சிறுவன் வேலைக்கு நின்றவன் என்ற அளவில் எங்கள் அறிவு முடிந்துவிட்டது. தந்தையார் உயிரோடிருந்த காலத்தில் நான் கேட்டிருக்கலாம்; கேட்கத் தோன்றவில்லை. வாசலுக்கு வெளியே நின்று சிரட்டையில் தேநீர் குடித்தவரின் பெயரை எங்கள் வீடுகளில் யார் எழுதி வைத்தனர்? வெள்ளைக்காரர் ஆனையின் உயரத்தை எழுதினர். நாங்கள் மானின் பெயரை நினைவில் வைத்தோம்.

இழந்த படங்களின் கணக்கை எடுப்பார் இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 வரையிலான நூல்களும் ஏடுகளும் அழிந்ததை அறிவோம். அதன்பின் இடப்பெயர்வுகளிலும், 2004 இல் கடல் பெருகியபோதும், 2009 இல் வன்னியிலும் வீடு வீடாகப் போன அல்பங்களை யார் எண்ணினர்? எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பிறர் எடுத்த படங்களாகவும், பிறநாட்டுப் பேழைகளில் இருப்பனவாகவும் ஆயின. 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் எமது நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் பார்க்குமாறு செய்துவருவது பெரும்பணி. ஆனால் அவர்களிடம் சேரும் படத்திலே நிற்பவர் யார் என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்? வீட்டிலுள்ளவரே சொல்லல் வேண்டும்.

ஆதலின் ஆசிரிய நண்பர்களை ஒன்று கேட்கின்றேன். வரும் விடுமுறையில் கட்டுரைக்கு “எனது கிராமம்” என்று தலைப்புக் கொடுப்பதை இம்முறை விட்டுவிடுங்கள். வீட்டிலுள்ள மிகப் பழைய படத்தை எடுத்து, வீட்டிலுள்ள மிக மூத்தவரின் அருகில் இருந்து, நிற்பவர் ஒவ்வொருவரையும் இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதிவருமாறு பிள்ளைகளைப் பணியுங்கள். ஓரத்தில் நிற்பவரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நடுவில் இருப்பவரை எவரும் மறவார். படத்தின் பின்புறத்தே எழுதுவதாயின் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுக. மை ஊறி முகத்திலே வந்துவிடும். பாலும் ஒட்டுநாடாவும் ஆகா. ஆடு, மாடு, நாய் ஆகியவற்றுக்குப் பெயரிருந்தால் அவற்றையும் எழுதுக. மரத்தையும் எழுதுக, வெட்டியாயிற்று என்றால் அதனையும். இப்பகுதிக்கு யாரும் படத்தை அனுப்பவேண்டா. பெயர்களையும், படம் எடுத்த ஊரையும், தெரிந்தால் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி அனுப்பினாற் போதும். வெளியிட இடம் தேடுவது என் பொறுப்பு.

எங்கள் ஊரின் தென்பக்கத்துக் குடியிருப்பிலே தொண்ணூறு வயது கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் தமையனார் சிறுவயதில் எங்கள் வளவில் மான் மேய்த்ததாகச் சொல்லக் கேட்டிருப்பதாக, துலாப் படத்தைப் பார்க்கவந்த அக்கமக்காரர் புறப்படும்போது என்னிடம் சொன்னார். அவ்வீட்டுக்கு எங்கள் குடும்பத்தவர் எவரும் இதுவரை சென்றதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தமக்கையாரும் நானும் செல்லுகிறோம்.